கழிவு நீரின் கணக்கு
(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்குச் செய்யப்பட்ட பிரசங்கம்)



கூட்டுறவுச் சங்கங்களில் வருஷந்தோறும் ஐந்தொகை படிக்கப்படுவது வழக்கம். வரவு ஒரு பக்கமும் செலவு மற்றொரு பக்கமுமாக எழுதப்பட்டிருக்கும். ஒரு செலவை ஏட்டில் எழுதாமல் விட்டுவிட்டால் அச்செலவு இல்லாமல் போய்விடுவதில்லை. என்றாவது ஒரு நாள், யாராவது ஒருவர் தலையில் அது வந்து விழுந்தே தீரும். இதைச் சங்கத்தின் காரியதரிசியாயிருந்த எவரும் அறிவர். கழிவு நீரின் விஷயமும் இத்தகையதே.

வீட்டிலும் தொழிற்சாலையிலும் உபயோகித்துக் கழித்த நீரைச் சுத்தி செய்து மறுபடியும் உபயோகிக்கலாம் என்று சொன்னால், "அதற்குப் பணம் எங்கே?" என்ற கேள்வி உடனே எழுகிறது. கேள்வி நியாயமானதே, நீரைச் சுத்தி செய்வதற்குச் செலவு உண்டு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதனுடன் சேர்த்துக் கேட்க வேண்டிய மற்றொரு கேள்வியும் உண்டு. "சுத்தி செய்யாமல் விட்டால் விளையும் நஷ்டத்தை யார் கொடுக்கிறார்கள்?" என்பதே அது. முதற் கேள்வியைப் பலரும் கேட்பர். இரண்டாவது கேள்வியைப் பெரும்பாலும் கேட்பாரில்லை. இவ்விரண்டுக்கும் ஒருங்கே விடை சொல்லும் ஆறு ஒன்று கொங்கு நாட்டில் இருக்கிறது.

நொய்யலின் கதை

நொய்யல் ஆறு கோயம்புத்தூருக்கு மேற்கே வெள்ளியங்கிரி மலைச் சாரலில் தோன்றி, கோயம்புத்தூரையும் திருப்பூரையும் கடந்து, கரூர் ஜில்லாவில் தன் பெயரையே கொண்ட கிராமத்தின் அருகே காவிரியில் கலக்கிறது. மழைக் காலத்தில் மட்டும் பெருகி, மற்ற மாதங்களில் மெலிந்து ஓடும் ஆறு இது. இதன் நீரைக் கொண்டு கடைமடை நிலங்களுக்குப் பாசனம் அளிக்கும் நோக்கத்துடன் சென்னிமலைக்கு அருகில் ஒரத்துப்பாளையம் என்ற இடத்தில் ஓர் அணை கட்டப்பெற்று, 1992-ஆம் வருஷத்தில் முடிவடைந்தது.

இதே காலத்தில் திருப்பூரில் பனியன் தொழில் வேகமாக வளர்ந்தது. அயல் நாடுகளுக்கு ஏற்றுமதி பெருகியது. பல ஜில்லாக்களிலிருந்தும் ஏழைக் குடும்பங்கள் பிழைப்புக்காக அங்கே வந்து சேர்ந்தன. இந்தத் தொழில் பலருக்குச் சோறு போட்டது என்பதை மறப்பது நியாயமாகாது. ஆனால் பின்னிய துணியை வெளுக்கவும் சாயமேற்றவும் ஏராளமான நீர் தேவை. சுமார் 700 சாய, சலவைப் பட்டறைகள் ஏற்பட்டன. சுற்றுப்புறக் கிராமங்களின் கிணற்று நீர் லாரிகளில் ஏறி நகரத்துக்குப் போயிற்று. நாள் ஒன்றுக்கு எட்டுக் கோடி லிட்டருக்கு மேல் கழிவு நீர் வெளியாயிற்று. அதில் பெரும்பகுதி ஓடைகள் வழியே நொய்யலில் இறங்கி, ஒரத்துப்பாளையம் அணையில் போய்த் தங்கியது.

பாசனத்துக்கென்று கட்டிய அணை, சாயக் கழிவின் தொட்டியாகிவிட்டது. தேங்கிய நீர் பூமியில் ஊறி, கிணறுகளையும் கெடுத்தது. அணையின் மதகைத் திறந்தால் கீழே உள்ள வயல்களுக்கு ஆபத்து. மூடி வைத்தால் சுற்றிலும் உள்ள கிணறுகளுக்கு ஆபத்து. அணையில் தண்ணீர் நிற்கக்கூடாது என்று பாசனதாரர்களே கேட்கும் விபரீத நிலைமை உண்டாயிற்று.

உப்பின் தன்மை

சாயக் கழிவு என்றதும் பலர் அதன் நிறத்தையே நினைக்கிறார்கள். நிறம் கண்ணுக்குத் தெரிகிறது; ஆனால் விவசாயிக்குப் பெரும் பகையாக முடிந்தது கண்ணுக்குத் தெரியாத உப்பு.

பருத்தித் துணிக்கு ஏற்றும் சாயம் நீரில் கரைந்து நிற்கும் குணமுடையது. அதை நீரிலிருந்து விலக்கித் துணியின் நூலில் பிடிக்கச் செய்வதற்காகத் தொட்டியில் உப்பு சேர்க்கிறார்கள். ஒரு லிட்டர் நீருக்கு முப்பது கிராம் முதல் நூறு கிராம் வரையிலும் சேர்ப்பதுண்டு. சாயம் துணியில் சேருகிறது. உப்போ துணியில் சேருவதில்லை. போட்ட உப்பு முழுவதும் கழிவு நீரோடு வெளியேறுகிறது. பின்னர் அலசும் நீரெல்லாம் கலந்து, வெளியேறும் கழிவில் லிட்டருக்கு ஐந்து கிராம் மட்டுமே உப்பு இருந்ததாக வைத்துக்கொண்டாலும், எட்டுக் கோடி லிட்டரில் நாள் ஒன்றுக்கு 400 டன் உப்பு ஆற்றில் கொட்டப்பட்டதாக ஆகிறது. நாற்பது லாரிகள் வரிசையாக வந்து, ஒவ்வொன்றும் பத்து டன் உப்பை ஆற்றில் கவிழ்த்துவிட்டுப் போவதற்கு இது சமானம்.

உப்பு ஏறிய மண்ணில் ஈரம் இருந்தும் வேர் அதை உறிஞ்ச முடியாமல் பயிர் வாடும். தென்னை ஓரளவு தாங்கும். வாழையும் பயறு வகைகளும் தாங்கா. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது பழமொழி. நொய்யல் கரை விவசாயிகளும் தங்கள் நிலத்தில் உப்பிட்டவரை மறக்கவில்லை. ஆனால் அவர்கள் நினைத்தது நன்றியினால் அன்று.

செலவு இடம் மாறிய விதம்

பட்டறைகளின் கணக்கைப் பார்த்தால், அக்காலத்தில் கழிவு நீரைச் சுத்தி செய்யும் செலவு மிகக் குறைவாகவே எழுதப்பட்டிருக்கும். சில பொதுச் சுத்தி நிலையங்கள் ஏற்பட்டிருந்தன என்பது உண்மையே. ஆனால் அவை நிறத்தையும் சேற்றையும் நீக்கினவேயன்றி உப்பை நீக்கவில்லை. நீக்கப்படாத உப்பின் செலவு எங்கே போயிற்று? முப்பது, நாற்பது மைல் கீழே இருந்த கிராமங்களின் கணக்கில் அது ஏறியது. விளையாத நெல்லாகவும், காய்க்காத மரமாகவும், குடிக்க முடியாத கிணறாகவும், கறவை வற்றிய மாடாகவும் அது எழுதப்பட்டது. பின்னலாடை மலிவாக விற்றது என்றால், அந்த மலிவில் ஒரு பங்கை நொய்யல் கரை விவசாயி தன்னை அறியாமலே கொடுத்து வந்தான்.

விவசாயிகள் சும்மா இருக்கவில்லை. கரூர் தாலூகா பாசனதாரர்கள் 1996-ஆம் வருஷத்தில் சென்னை ஹைக்கோர்ட்டுக்குச் சென்றார்கள். பின்னர் 2003-ஆம் வருஷத்தில் நொய்யல் ஆயக்கட்டுதாரர்களின் பாதுகாப்புச் சங்கமும் வழக்குத் தொடர்ந்தது. தனி மனிதன் ஒருவனால் ஆகாத காரியம் சங்கமாகச் சேர்ந்ததால் ஆயிற்று என்பதைக் கூட்டுறவு இயக்கத்தினர் கவனிக்க வேண்டும்.

நஷ்டத்தை மதிப்பிடும் பொறுப்பு, மத்திய சர்க்காரால் 1996-இல் ஏற்படுத்தப்பட்ட சூழல் நஷ்டஈட்டு ஆணையத்திடம் இருந்தது. அந்த ஆணையம் 2004 டிசம்பரில் தன் முடிவை வெளியிட்டது. 68 கிராமங்களில் சுமார் 1,46,000 ஏக்கர் நிலம் கெட்டுப்போனதாகவும், 28,596 பேருக்கு நஷ்டஈடு சேர வேண்டுமென்றும், 2002 ஆகஸ்டு முடிவிலிருந்து 2004 டிசம்பர் வரையிலான காலத்துக்கு அந்தத் தொகை சுமார் 24 கோடியே 80 லட்ச ரூபாய் என்றும் அது கண்டது.

இந்தத் தொகை கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றும். வகுத்துப் பார்த்தால் வேறு விதமாகத் தெரியும். ஏக்கர் ஒன்றுக்குச் சராசரி சுமார் 1,700 ரூபாய். அதுவும் இரண்டு வருஷம் நான்கு மாதத்துக்கு. நாள் கணக்கில் ஏக்கருக்கு இரண்டு ரூபாய்க்கும் குறைவு. அதற்கு முன் கழிந்த வருஷங்களின் நஷ்டம் இத்தொகையில் சேரவில்லை. மண் பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் காலமும் சேரவில்லை. நஷ்டஈடு எத்தனை கண்டிப்பாக வசூலிக்கப்பட்டாலும், கெட்டுப்போன நிலத்தை அது திருப்பித் தருவதில்லை. வருமுன் காப்பதே மலிவு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

லிட்டருக்கு ஆறு பைசா

ஹைக்கோர்ட்டார் 2006 டிசம்பர் 22-ஆம் தேதி செய்த உத்தரவு கூர்ந்து கவனிக்கத்தக்கது. உப்பு நீரைத் துளியும் வெளியே விடாத முறையைப் பட்டறைகள் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். அதுவரையில், வெளியே விடும் ஒவ்வொரு லிட்டருக்கும் 2007 ஜனவரி முதல் ஆறு பைசாவும், ஏப்ரல் முதல் எட்டு பைசாவும், ஜூன் முதல் பத்து பைசாவும் அபராதம் செலுத்த வேண்டும்.

ஆறு பைசா என்பது அற்பமாகத் தோன்றலாம். ஆயிரம் லிட்டருக்கு அது 60 ரூபாய். எட்டுக் கோடி லிட்டருக்கு நாள் ஒன்றுக்கு 48 லட்ச ரூபாய்; பத்து பைசாவானால் 80 லட்ச ரூபாய். அதுவரையில் கீழ்க்கரைக் கிராமங்களின் ஏட்டில் மறைந்து கிடந்த செலவு, முதன்முறையாக அதை உண்டாக்கியவர்களின் ஏட்டில் எழுதப்பட்டது. இந்த உத்தரவின் பெருமை அதில் இருக்கிறது.

பட்டறைக்காரர்கள் சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றனர். 2009 அக்டோபர் 6-ஆம் தேதி அந்த நீதி ஸ்தலத்தாரும் அசுத்தம் செய்தவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை உறுதி செய்தனர். அப்படியும் நிலைமை திருந்தாததால், 2011 ஜனவரி 28-ஆம் தேதி சாயப் பட்டறைகளையும் பொதுச் சுத்தி நிலையங்களையும் மூடும்படி ஹைக்கோர்ட்டார் கட்டளையிட்டனர்.

அதன் பலனாக மாதக்கணக்கில் தொழில் ஸ்தம்பித்தது. பல்லாயிரம் தொழிலாளர்கள் வேலையிழந்தனர்; சிறு பட்டறைகள் சில திரும்பத் திறக்கவேயில்லை. காலத்தில் செய்யாத செலவு வட்டியுடன் வந்தபோது, அந்த வட்டியின் ஒரு பகுதியைக் குற்றமற்ற கூலிக்காரனும் கொடுக்க நேர்ந்தது. செலவைத் தள்ளிப் போடுவதால் வரும் கேடு இதுவே.

உப்பு நீரைச் சுத்தி செய்ய ஏன் இவ்வளவு செலவு?

பொதுச் சுத்தி நிலையங்கள் புதிய முறைகளுடன் திரும்பவும் நடைபெறத் தொடங்கின. சர்க்காரும் சுமார் 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்து உதவினர். அந்நிலையங்களில் நடைபெறும் வேலையை அறிந்தால் செலவின் காரணம் விளங்கும்.

முதலில் கழிவு நீரில் உள்ள அழுக்கைக் கிருமிகளைக் கொண்டு தின்னச் செய்கிறார்கள். காற்றை ஊதிக்கொண்டிருந்தால் கிருமிகள் தம் வேலையைச் செய்யும். இதற்கு ஆகும் செலவு மிதமானதே. ஆனால் உப்பைத் தின்னும் கிருமி உலகத்தில் இல்லை. ஆகையால் ஆர்.ஓ. என்று வழங்கும் சவ்வு யந்திரத்தின் வழியே நீரைப் பெரும் அழுத்தத்துடன் செலுத்துகிறார்கள். நூறு லிட்டர் உட்சென்றால் எண்பது, எண்பத்தைந்து லிட்டர் நல்ல நீராக வெளிவருகிறது. அது மீண்டும் சாயத் தொட்டிக்கே போகிறது. மீதிப் பதினைந்து, இருபது லிட்டரில் உப்பெல்லாம் திரண்டு நிற்கிறது. அதைக் காய்ச்சித்தான் ஆவியாக்க வேண்டும்.

கொதிக்கும் ஒரு லிட்டர் நீரை ஆவியாக்குவதற்குச் சுமார் 540 கிலோ கலோரி உஷ்ணம் தேவை. நன்றாக உலர்ந்த விறகு ஒரு கிலோ எரிந்தால் 4,000 கிலோ கலோரிக்குச் சற்றுக் குறைவாகவே கிடைக்கும். கொதிகலனில் வீணாவது போக, நான்கைந்து லிட்டருக்கு மேல் அது ஆவியாக்காது. ஆயிரம் லிட்டர் கழிவில் 150 லிட்டர் மட்டுமே காய்ச்சுவதாக வைத்துக்கொண்டாலும், சாதாரண அடுப்பு முறையில் முப்பது கிலோ விறகுக்குக் குறையாது. ஒரு கொப்பரையின் ஆவியைக் கொண்டே அடுத்த கொப்பரையைக் காய்ச்சும் அடுக்கு முறையால் இந்தச் செலவு வெகுவாகக் குறைகிறது. ஆயினும் மின்சாரமும் விறகும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இதற்கு எதிராக வரவும் உண்டு. திரும்பக் கிடைக்கும் நீர் ஒன்று. மறுபடியும் சாயத் தொட்டியில் இடத்தக்க உப்பு மற்றொன்று. இவ்விரண்டையும் விலைக்கு வாங்கியிருந்தால் ஆகும் தொகை மிச்சமாகிறது. ஆனால் இந்த வரவு முழுச் செலவையும் ஈடு செய்வதில்லை. மேலும், எதற்கும் உதவாத கலப்பு உப்பும் சேறும் மிஞ்சி, கொட்டகைகளில் மூட்டையாகக் கிடக்கின்றன. மழை படாமல் அவற்றைக் காப்பதும் ஒரு செலவே.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. நீரில் ஒரு பொருளைக் கலப்பது எளிது, பிரிப்பது அரிது; அதிலும் உப்பைப் பிரிப்பது மிக அரிது. ஆகையால் சுத்தி செய்யும் செலவைக் குறைக்க வேண்டுமானால், உப்பு நீரையும் ரசாயனக் கழிவையும் மற்ற நீரோடு கலக்க விடாமல், உண்டாகும் இடத்திலேயே தனியாகப் பிரித்து வைக்க வேண்டும்.

எல்லாக் கழிவும் ஒரே விலையன்று

திருப்பூரின் செலவைக் கேட்டு, கழிவு நீரைச் சுத்தி செய்வது பணக்காரர்களின் காரியம் என்று அங்கத்தினர்கள் எண்ணிவிடக் கூடாது. வீட்டுக் கழிவு நீர் வேறு வகை. அதில் உப்பு குறைவு. பயிருக்கு வேண்டிய தழைச் சத்தும் மணிச் சத்தும் உண்டு.

கல்கத்தாவுக்குக் கிழக்கே உள்ள சதுப்பு நிலங்கள் இதற்கு நல்ல உதாரணம். அந்த நகரத்தின் சாக்கடை நீர் கால்வாய் வழியே அங்குள்ள ஆழமில்லாத ஏரிகளுக்குப் போகிறது. வெயில் பட்டுப் பாசி வளர்கிறது. பாசி பகலில் வெளியிடும் பிராணவாயுவைக் கொண்டு கிருமிகள் அழுக்கைத் தின்கின்றன. பாசியை மீன் தின்கிறது. மீன் சந்தைக்கும், தெளிந்த நீர் வயலுக்கும் செல்கின்றன. ஏறக்குறைய 12,500 ஹெக்டேர் பரப்புள்ள இந்நிலம் 2002-ஆம் வருஷத்தில் சர்வதேச முக்கியத்துவமுள்ள சதுப்பு நிலமாக ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இங்கே பெரிய யந்திரம் இல்லை. மின்சாரச் செலவு சொற்பம். ஆனால் ஒரு செலவு இருக்கிறது: நிலம். நகரம் வளர வளர அந்நிலத்தின் மதிப்பு ஏறுகிறது. வீடு கட்டுவோர் கண்ணும் அதன்மேல் விழுகிறது. நிலம் ஏராளமாக உள்ள இடத்தில் சூரியனே மலிவான வேலையாள். நிலம் அருமையான இடத்தில் அந்த வேலையாளைக் குடியமர்த்த இடமில்லை.

சென்னையில் நிலைமை வேறு. அங்கே 2019-ஆம் வருஷக் கோடையில் குடிநீர் ஏரிகள் வற்றிப்போயின. அதே வருஷத்தில் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும், நாள் ஒன்றுக்கு தலா நாலரைக் கோடி லிட்டர் சாக்கடை நீரை ஆர்.ஓ. முறையில் சுத்தி செய்து தொழிற்சாலைகளுக்கு விற்கும் நிலையங்கள் தொடங்கப்பட்டன. தொழிற்சாலைகள் விலை கொடுத்து இந்நீரை வாங்குவது ஏன்? வேறு வழிக்கு ஆகும் செலவு அதிகம் என்பதனால்தான். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. அதைக் குடிநீராக்குவதற்கு ஆயிரம் லிட்டருக்கு மூன்று முதல் நான்கு யூனிட் மின்சாரம் செலவாகும். முன்பே கிருமிகளால் சுத்தி செய்யப்பட்ட சாக்கடை நீரைச் சவ்வு வழியே செலுத்தச் சுமார் ஒரு யூனிட் போதும். மேலும், தொழிற்சாலை வாங்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் ஈடாக ஒரு லிட்டர் நன்னீர் குடிப்பதற்கு மிஞ்சுகிறது.

ஆகவே கழிவு நீரின் விலை என்று ஒன்றைத் தனியாகச் சொல்ல முடியாது. எத்தகைய கழிவு, எந்த உபயோகத்துக்கு, எவ்வளவு நிலம், மாற்று நீர் என்ன விலை என்ற நான்கையும் கேட்ட பிறகே கணக்குப் போட வேண்டும். தென்னைக்குப் பாய்ச்சும் நீரைக் குடிநீர் அளவுக்குச் சுத்தி செய்வது வீண் செலவு. கீரைக்கும் கொத்தமல்லிக்கும் சுத்தியில்லாத நீரைப் பாய்ச்சுவது அதைவிடப் பெரிய செலவு. ஆஸ்பத்திரியில் அந்தக் கணக்குத் தீர்க்கப்படும்.

கிராமத்தின் கணக்கு

இனி கிராமத்துக்கு வருவோம் என்று அங்கத்தினர்கள் எதிர்பார்ப்பது இயல்பே. 2,000 பேர் வசிக்கும் கிராமம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். 2019-இல் தொடங்கிய குழாய்நீர்த் திட்டத்தின்படி ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 55 லிட்டர் கொடுத்தால், மொத்தம் 1,10,000 லிட்டர். குளித்ததும் துவைத்ததும் பாத்திரம் கழுவியதுமாகச் சுமார் 70,000 லிட்டர் தெருவுக்கு வரும். அது இப்போது பல ஊர்களில் தேங்கிக் கொசுவை வளர்க்கிறது. சேற்றை வடிக்கும் தொட்டியிலும், பத்து நாளுக்குக் குறையாமல் நீர் தங்கும் ஆழமில்லாத குட்டைகளிலும் அதைத் தெளியவிட்டால், புழு முட்டைகள் அடியில் படிந்துவிடும். வெயிலாலும் மண் உறிஞ்சுவதாலும் பாதி போய்விட்டதாக வைத்துக்கொண்டாலும் 35,000 லிட்டர் மிஞ்சும். சொட்டு நீர் முறையில் மரத்துக்கு நூறு லிட்டர் வீதம் 350 தென்னைகளுக்கு, அதாவது ஐந்து ஏக்கர் தோப்புக்கு அது போதும்.

செலவை ஒரு பேச்சுக்காக எழுதிப் பார்க்கலாம். தொட்டி, குட்டை, குழாய் எல்லாவற்றுக்கும் பத்து லட்ச ரூபாய் முதல். இருபது வருஷம் உழைக்குமென்றால் தேய்மானம் வருஷத்துக்கு 50,000. முதலுக்கு நூற்றுக்கு எட்டு வட்டியானால் 80,000. காவல், துப்புரவுக்கு மாதம் 6,000 வீதம் 72,000. ரிப்பேருக்கு 30,000. ஆக 2,32,000 ரூபாய். வருஷத்தில் கிடைக்கும் ஒரு கோடியே இருபத்தேழு லட்சம் லிட்டருக்கு இதை வகுத்தால் ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 18 ரூபாய்; லிட்டருக்கு இரண்டு பைசாவுக்கும் குறைவு. கிராமத்து ஜனங்கள் பேரில் வகுத்தால் தலைக்கு வருஷத்துக்கு 116 ரூபாய். இந்தத் தொகைகள் உதாரணத்துக்கே. ஒவ்வொரு சங்கமும் தன் ஊர் விலைகளை எழுதிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதில் மூன்று விஷயங்கள் முக்கியம். முதலாவது, வட்டியும் தேய்மானமும் சேர்ந்து செலவில் பாதிக்கு மேல் ஆகின்றன. சர்க்கார் மானியத்தால் முதல் கிடைத்துவிட்டால் எல்லாம் இலவசம் என்று நினைத்து, தேய்மானத்துக்கு ஒதுக்காத சங்கம், குட்டை தூர்ந்த அன்று கையை விரிக்கும். கட்டிய பிறகு பராமரிப்பில்லாமல் பாழான தொட்டிகள் கிராமங்களில் குறைவா? இரண்டாவது, புதுத் தென்னை காய்க்க ஐந்தாறு வருஷம் பிடிக்கும். அதுவரையில் தீவனப் புல் வளர்த்தால் பால் சங்கத்துக்குப் பசுந்தீவனம் கிடைக்கும். அந்த வருமானத்தைக் கொண்டு கூலி கொடுக்கலாம். மூன்றாவது, அந்த நீரில் இறங்கி வேலை செய்பவனுக்கு முழங்கால் வரையிலான பூட்ஸும் கையுறையும் வாங்கும் செலவைக் கணக்கில் முதலிலேயே எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் அந்தச் செலவு கொக்கிப் புழுவாக அவன் உடம்பில் ஏறும்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

நொய்யல் கரையில் நடந்தது மற்ற இடங்களிலும் நடக்கக்கூடியதே. தோல் பதனிடும் இடமோ, சாயப் பட்டறையோ, வேறு ஆலையோ ஊருக்கு மேற்புறத்தில் வரும்போது, வேலை கிடைக்கும் என்ற சந்தோஷத்தில் கழிவு எங்கே போகும் என்று கேட்க மறந்துவிடுவது மனித இயல்பு. அந்தக் கேள்வியைக் கேட்பது தொழிலுக்கு விரோதமாகாது. கழிவைச் சுத்தி செய்யும் செலவைத் தாங்க முடியாத தொழில், உண்மையில் லாபத்தில் நடக்கும் தொழிலன்று. அது அடுத்தவன் நிலத்தை முதலாக வைத்து நடக்கும் தொழில்.

ஒவ்வொரு சங்கமும் செலவில்லாமல் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. ஊரில் உள்ள கிணறுகளில் பத்தைத் தேர்ந்தெடுத்து, மழைக்கு முன் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும் அவற்றின் நீரைச் சோதித்து, உப்பின் அளவைத் தேதியுடன் ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். நீரின் உப்பைக் காட்டும் கைக்கருவி சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. சர்க்கார் சோதனைச் சாலைகளும் இருக்கின்றன. விளைச்சலையும் அதே புஸ்தகத்தில் வருஷவாரியாகக் குறித்துவைத்தால் இன்னும் நல்லது. கிணறு கெட்ட பிறகு, "முன்பு நன்றாக இருந்தது" என்று வாயால் சொல்வதைக் கோர்ட்டு ஏற்பதற்கும், ஏட்டைக் காட்டிச் சொல்வதை ஏற்பதற்கும் வித்தியாசம் உண்டு.

நஷ்டம் யார் பேரில் எழுதப்பட வேண்டுமோ அவர் பேரில் எழுதச் செய்வதே கணக்கின் தர்மம். கூட்டுறவுச் சங்கங்கள் வட்டிக் கடைக்காரனின் பொய்க் கணக்கிலிருந்து விவசாயியைக் காக்கவே தோன்றின. நீரின் பேரிலும் ஒரு பொய்க் கணக்கு எழுதப்படலாம் என்பதை அறிந்து, தத்தம் ஊரின் தண்ணீர் ஏட்டை இந்த வருஷமே தொடங்குவது சங்கங்களின் கடமையாகும். அடுத்த மகாசபைக் கூட்டத்தில் ஐந்தொகையோடு அந்த ஏடும் படிக்கப்படுமாக.